பட்டியலில் முதலிடம், கோப்பை வேறிடம்

2025ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் திண்டுக்கல்லை அடுத்த நத்தத்தில் நடந்த இறுதியாட்டத்தில் திருப்பூர் தமிழன்ஸ் அணி தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. முதலில் ஆடி 220 ஓட்டங்களைக் குவித்து, திண்டுக்கல் டிராகன்ஸ் அணியை 102க்குள் சுருட்டி, 118 ஓட்ட வேறுபாட்டில் பெற்ற வெற்றி அது. காரைக்குடி காளை என்ற பெயரில் பிறந்து, பின்னர் ஊர் மாறித் திருப்பூரின் பெயரைச் சூடிக்கொண்ட அணிக்கு அதுவே முதல் கோப்பை. எங்கள் ஊரில் அன்றிரவு வெடிச்சத்தம் கேட்டது. அந்த ஆண்டு கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய நான்கு ஊர்களில்தான் ஆட்டங்கள் நடந்தன. திருப்பூரில் ஒன்றுகூட இல்லை. தன் பெயரைத் தாங்கிய அணி தன் மண்ணில் ஒரு பந்தும் வீசாத நிலையிலும் ஓர் ஊர் அதைத் தன்னுடையதாகக் கொண்டாடியதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. உலகம் முழுதும் அணியும் பனியனில் பிறர் பெயரை அச்சடித்தே பழகிய ஊர் இது. ஒருமுறையாவது தன் பெயரை ஒரு சட்டையின் மார்பில் பார்த்தால் மகிழத்தானே செய்யும்?

ஆனால் இக்கட்டுரை அந்த வெற்றியைப் பற்றியதன்று. அதே தொடரில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் என்ற அணி லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களையும் வென்று, ஒரு தோல்வியும் இன்றிப் பட்டியலின் தலையில் நின்றது. அதன்பின் இரண்டே ஆட்டங்கள். முதல் தகுதியாட்டத்தில் திருப்பூரிடம் தோற்றது. இரண்டாவதில் திண்டுக்கல்லிடம் தோற்றது. தொடர் முடிந்தபோது அதன் கையில் எதுவுமில்லை. எட்டு அணிகளில் மற்ற ஏழையும் வென்ற ஓர் அணி சாம்பியன் இல்லை என்றால், சாம்பியன் என்ற சொல்லுக்கு என்னதான் பொருள்?

தமிழ் படித்தவனுக்கு இக்கேள்வி வேறொரு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நாளிதழ்கள் சாம்பியன் என்பதற்கு ஈடாக ‘வாகை சூடியது’ என்று எழுதுகின்றன. தொல்காப்பியப் புறத்திணையியலில் போர்க்களத்தில் இருவர் நேருக்கு நேர் மோதுவது தும்பை. வாகை அதற்கு அடுத்து வருகிறது. அதற்குத் தொல்காப்பியர் தரும் இலக்கணம் எதிரியை வீழ்த்துதல் என்பதன்று. அவரவர் தத்தம் துறையில் மேம்பட்டு விளங்குதலே வாகை. அரசனுக்கு மட்டுமன்றி ஓதுவோர்க்கும், உழைப்போர்க்கும், துறந்தோர்க்கும் அதில் இடமுண்டு. இந்த வகுப்பில் வைத்துப் பார்த்தால் ஏழு ஆட்டங்களிலும் தன் மேம்பாட்டைக் காட்டிய சேப்பாக்கம் பெற்றது வாகை. ஓர் இரவில் களத்தில் மோதி வென்ற திருப்பூர் பெற்றது தும்பை. இன்றைய விளையாட்டு அமைப்புகள் தும்பைக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு அதை வாகை என்று அழைக்கின்றன. இது வெறும் சொல்லாட்டம் என்று நண்பர்கள் ஒதுக்கலாம். எனினும், கடந்த 90 ஆண்டுகளாக இந்நாட்டில் போட்டி அமைப்புகளைத் திருத்தித் திருத்தி எழுதியவர்கள் அனைவரும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் அல்லாடியிருக்கிறார்கள்.

*

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆட்டம் அன்றே முடிந்துபோயிற்று. வெற்றியாளரின் பக்கமிருந்தே எழுதப்பட்டுவரும் கதை இது. மைசூரின் பக்கமிருந்து பாருங்கள். ரயிலேறி வந்த பதினோரு பேருக்கு அந்த ஆண்டின் ரஞ்சிக் கோப்பை ஒரே பகலில் தொடங்கி ஒரே பகலில் முடிந்துவிட்டது. தோற்றால் வெளியே என்ற வெளியேற்றுமுறை அது. பயணச் செலவு குறைவு, நாட்கள் குறைவு, அணிகளும் அன்று பதினைந்துதான் என்பன அம்முறைக்கான நியாயங்கள். அவை பொய்யுமல்ல.

1956-57 வரை இந்த முறையே நீடித்தது. சென்னை 1935-36இலும் 1940-41இலும் இறுதிவரை சென்று தோற்றது. 1954-55இல் பாலு அழகனன் தலைமையில் இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ஓட்டங்களில் வென்று முதன்முறையாகக் கோப்பையை எடுத்தது. ஆனால் பெரும்பாலான அணிகளுக்குப் பெரும்பாலான ஆண்டுகள் மைசூரின் அந்த ஒரு நாளைப் போன்றவைதாம். ஓர் இளைஞன் ஒரே ஆட்டத்தில், இரண்டு இன்னிங்ஸில், தன் தகுதியைக் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டு.

1957-58இல் மாற்றம் வந்தது. ஏற்கெனவே ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்த நாட்டில், மண்டலத்துக்குள் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு ஆடும் லீக் முறை புகுத்தப்பட்டது. தென்மண்டலத்தில் சென்னை, மைசூர், ஐதராபாத், ஆந்திரம், கேரளம். ஆகவே எந்த அணிக்கும் நான்கு ஆட்டங்கள் உறுதி. சீர்திருத்தம் என்றால் இதுவன்றோ சீர்திருத்தம் என்று தோன்றும். ஆனால் ஒரு நியதியில் அனைத்தும் கெட்டது. மண்டலத்தின் முதல்வன் மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போவான். அந்த முதலாண்டு பரோடா வென்றது. அடுத்து 1958-59 முதல் 1972-73 வரை 15 ஆண்டுகள் இடைவிடாமல் பம்பாய்.

பம்பாயின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. அந்த அணியில் ஆடியவர்களின் பெயர்களை அடுக்கினாலே ஒரு பக்கம் நிரம்பும். ஆனால் மகாராஷ்டிரம், பரோடா, குஜராத், சௌராஷ்டிரம் ஆகிய மேற்கு மண்டல அணிகளின் நிலையை எண்ணுங்கள். நாட்டிலேயே இரண்டாவது வலிய அணியாக இருந்தாலும், பம்பாயின் மண்டலத்தில் பிறந்த குற்றத்திற்காக அது அடுத்த சுற்றைக் காண முடியாது. தெற்கிலும் இதே கதைதான். வலிய மூன்று அணிகள் ஒரே கதவுக்கு முட்டிமோதின. 1970-71இல்தான் மண்டலத்துக்கு இரண்டு அணிகள் என்று கதவு அகலமாயிற்று. 1973-74இல் கர்நாடகம் பெங்களூரில் நடந்த அரையிறுதியில் பம்பாயை நிறுத்தியது. பின் இறுதியில் ராஜஸ்தானை வென்றது. கதவைத் திறந்ததால் மட்டும் இது நிகழவில்லை. பிரசன்னாவும் சந்திரசேகரும் விசுவநாத்தும் ஒருசேர இருந்த அணி அது. என்றாலும் விதியை மாற்றிய நான்கே ஆண்டுகளில் 15 ஆண்டுச் சங்கிலி அறுந்தது என்பதைக் குறித்து வைக்கலாம்.

இடையில் 1972-73 இறுதியாட்டம் நம் ஊர்க்காரர்களுக்கு ஆறாத வடு. சேப்பாக்கத்தில், வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருக்கும் தைரியத்தில், சுழலுக்கு வாகான ஆடுகளம் அமைந்தது. பம்பாயை 151க்கும் 113க்கும் சுருட்டவும் செய்தார்கள். ஆனால் பத்மாகர் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டும் இரண்டாவதில் 18க்கு 5ம் எடுக்க, தமிழ்நாடு 80க்கும் 61க்கும் அடங்கியது. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு எல்லாம் முடிந்தது. ஓர் இறுதியாட்டம் ஓராண்டு உழைப்பை எப்படிக் கரைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இரண்டாவது கோப்பைக்கு எஸ். வாசுதேவன் தலைமையில் 1987-88 வரை, அதாவது 33 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஆறு முறை இறுதிவரை சென்றும் மூன்றாவது இன்னும் வரவில்லை.

2002-03இல் மண்டலங்கள் நீங்கி எலைட், பிளேட் என்று இரு தட்டுகள் வந்தன. கீழ்த்தட்டில் இருப்பவர்கள் மேலே வர ஒரு படியும் வைக்கப்பட்டது. அந்தப் படியில் ஏறியே ராஜஸ்தான் 2010-11இல் கோப்பையை வென்றது. ஐதராபாத்தை 21 ஓட்டங்களுக்குச் சுருட்டித் தொடங்கிய பயணம் அது. கீழ்த்தட்டு என்று முத்திரை குத்தப்பட்ட அணி நாட்டின் முதல் அணியாயிற்று. மறு ஆண்டு சேப்பாக்கத்துக்கே வந்து இறுதியில் தமிழ்நாட்டையும் முந்தி, அது தற்செயல் அன்று என்று காட்டிவிட்டுப் போனது.

*

இவ்விடத்தில் எங்கள் ஊரின் தொழில் எனக்குக் கைகொடுக்கிறது. ஏற்றுமதிக்கு ஆயத்தமாகி அட்டைப்பெட்டியில் அடுக்கிய சரக்கைப் பார்க்கப் பையரின் ஆள் வருவார். 5,000 உருப்படிகள் என்றால் 5,000ஐயும் பிரித்துப் பார்க்க மாட்டார். ஏ.க்யூ.எல். என்றொரு அட்டவணை உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவக் கொள்முதலில் வளர்ந்த மாதிரித் தேர்வு முறையின் வழிவந்தது. வழக்கமான 2.5 அளவுகோலின்படி 200 உருப்படிகளை எடுத்துப் பார்ப்பார். குறையுள்ளவை 10 வரை இருந்தால் சரக்கு போகும்; 11 இருந்தால் நின்றுவிடும். பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு பனியனில் ஒரு கம்பெனியின் தீபாவளி போனஸ் சிக்கியிருப்பதுண்டு. ஆயினும் 200 என்பது நியாயமான மாதிரி என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒரே ஒரு பனியனை உருவிப் பார்த்து, தையல் பிரிந்திருக்கிறது, 5,000மும் கழிவு என்று ஒருவர் சொன்னால் அவரை யாரும் மறுமுறை உள்ளே விட மாட்டார்கள்.

வெளியேற்றுமுறைப் போட்டி அந்த ஒரு பனியனைத்தான் உருவுகிறது. லீக் முறை 200ஐப் பார்க்கிறது. கலப்புமுறையோ 200ஐப் பொறுமையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கடைசியில் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மறுபடி ஒன்றை உருவுகிறது!

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூர்ப் பகுதியின் காலி மைதானங்களில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகள் வெளியேற்றுமுறையில்தான் நடக்கின்றன. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, பவர்டேபிளும் கட்டிங்கும் செக்கிங்கும் ஓய்ந்த ஒரே நாளில் அத்தனை அணிகளும் ஆடி முடித்தாக வேண்டும். அங்கே வேறு வழியில்லை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளும் அப்படியே. விடியற்காலையில் பேருந்தேறிப் போன எங்கள் மாணவர்கள் பத்து மணிக்குத் தோற்றுப் பதினொரு மணி பேருந்தில் திரும்பி வந்துவிடுவார்கள். மதியம் என் வகுப்பில் சீவகசிந்தாமணி கேட்க வேண்டிய கொடுமை வேறு. பல்கலைக்கழக அளவிலும் நாட்டை நான்கு மண்டலமாக்கி, மண்டலத்தில் முன்னிற்பவர்களை மட்டும் பிறகு ஒன்றுகூட்டுகிறார்கள். காலமும் காசும் இல்லாத இடத்தில் வெளியேற்றுமுறை ஏழையின் நீதி. காலமும் காசும் கொட்டிக் கிடக்கும் இடத்திலும் அதையே ஏன் விரும்புகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதற்கு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் போல் வேடிக்கையான சான்று வேறில்லை. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. உயர்பிரிவில் 130க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஆடுவதோ பன்னிரண்டு ஆட்டங்கள்தாம். யார் சிறந்தவர் என்பதை 1936 முதல் பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பு சொல்லிவந்தது. 1998இல் கணிப்பொறியையும் துணைக்கு அழைத்தார்கள். 2014இல் ஒரு குழு நான்கு அணிகளைப் பொறுக்கியெடுக்கும் முறை வந்தது. 2023இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 13 ஆட்டங்களில் 13ஐயும் வென்று நின்றது; அதன் முதன்மை ஆட்டக்காரர் காயமுற்றிருந்ததைக் கணக்கிட்டுக் குழு அதை நால்வரில் சேர்க்கவில்லை. பெருங்கூச்சல் எழுந்தது. பிறகு நடந்த தனியாட்டமொன்றில் ஜார்ஜியாவிடம் அது 63-3 என்று தோற்றதும், குழு சொன்னது சரி என்று ஒரு சாராரும், மனமொடித்துவிட்டுப் பின் வலிமை பேசலாமா என்று மறுசாராரும் வாதிட்டார்கள். 2024இல் அணிகள் பன்னிரண்டாயின. முதல் நால்வருக்கு ஒரு சுற்று ஓய்வு என்ற சலுகை; அந்த நால்வரும் தத்தம் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறினார்கள். எட்டாம் நிலையில் இருந்த ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் கோப்பையை வென்றது. மறு ஆண்டே தரவரிசை விதியைத் திருத்தினார்கள். ஒவ்வொரு திருத்தத்திலும் ஆட்டங்களின் எண்ணிக்கை குறையவே இல்லை என்பதைக் கவனித்தால் திருத்தத்தின் ஊற்றுக்கண் எங்கே என்பது விளங்கும்.

*

சேப்பாக்கத்தைக் கவிழ்த்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. விக்டோரியக் கால்பந்து லீகில் 1902 முதல் 1930 வரை பெரும்பாலும் வழங்கிய முறையில், லீக் பட்டியலில் முதலிடம் பெற்ற அணிக்கு ஓர் அரிய உரிமை இருந்தது. இடையில் தோற்றாலும், இறுதியில் வென்றவனை மறுபடி களத்துக்கு அழைக்கலாம். அறைகூவும் உரிமை. 1924இல் மட்டும் முதல் நான்கு அணிகளும் தமக்குள் ஒருமுறை ஆடி முடிவெடுக்கட்டும் என்று விட்டார்கள். எசண்டன் அணி தன் கடைசி ஆட்டத்தில் தோற்றும் சாம்பியன் ஆயிற்று! மக்கள் இதைச் சுவைக்கவில்லை, கைவிட்டார்கள். அறைகூவல் முறையில் இன்னொரு சிக்கல். முதலிடக்காரன் தோற்காவிட்டால் பேரிறுதி ஆட்டமே நடக்காது. நடக்குமா என்று தெரியாத ஆட்டத்துக்கு எப்படிச் சீட்டு விற்பது?

1931இல் கென் மெக்கின்டயர் என்பவர் வகுத்த முறை வந்தது. வழக்கறிஞர், ஆங்கில இலக்கிய ஆசிரியர். பிற்காலத்தில், போர்த்துகீசியரே ஆஸ்திரேலியாவை முதலில் கண்டவர்கள் என்று வாதிடும் நூலை 1977இல் வெளியிட்டுச் சர்ச்சையில் சிக்கியவர். இலக்கிய ஆசிரியர்களுக்கு இப்படியும் ஓர் எதிர்காலம் உண்டு என்பதை என் சக ஆசிரியர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். அவர் வகுத்ததில் முதல் இருவர் தமக்குள் மோதுவர். வென்றவர் நேரே இறுதிக்கு, தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு. மூன்றாமவரும் நான்காமவரும் மோத, தோற்றவர் வெளியே. வென்றவர் அந்த இன்னொரு வாய்ப்புக்காரரோடு ஆடுவார். ரிச்மண்ட் அணியின் பெர்சி பேஜ் இதை முன்னெடுத்ததால் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டது. 2008 முதல் 2010 வரை சாதாரண அரையிறுதிகளோடு நடந்த ஐ.பி.எல். 2011இல் இம்முறைக்கு மாறியது. தமிழ்நாடு பிரீமியர் லீகும் அதைப் பின்பற்றுகிறது.

நான்கு அணிகளும் சமவலிமை உடையவை என்று கொண்டால், சாதாரண அரையிறுதியில் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மெக்கின்டயர் முறையில் முதல் இருவருக்கு எட்டில் மூன்று பங்கு, பின்னிருவருக்கு எட்டில் ஒரு பங்கு. லீகில் உழைத்ததற்கு ஓரளவு கூலி கிடைக்கிறது. இது நல்ல முறை என்றே நான் கருதுகிறேன். அதன் ஊனம் வேறோர் இடத்தில். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் அதில் இம்மியளவும் வேறுபாடில்லை. ஏழில் ஏழையும் வென்ற சேப்பாக்கத்துக்கும் அடுத்து வந்த திருப்பூருக்கும் ஒரே சலுகை. பழைய அறைகூவல் முறை இருந்திருந்தால், ஜூலை 6 இரவுக்குப் பின்னும் சேப்பாக்கம் திருப்பூரை ஒருமுறை களத்துக்கு அழைத்திருக்கும். அன்று திருப்பூர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் மறுபடியும் திருப்பூரே வென்றிருக்கும் என்று ஊர்ப்பாசத்தில் சொல்லத் தோன்றுகிறது, அது வேறு.

எதிர்வாதமும் வலியதுதான். கேரளம் 1951-52 முதல், முதலில் திருவிதாங்கூர்-கொச்சி என்ற பெயரில், ரஞ்சிக் கோப்பையில் ஆடிவருகிறது. 2024-25இல்தான் முதன்முறையாக இறுதியைக் கண்டது. காலிறுதியில் ஜம்மு-காஷ்மீரைவிட முதல் இன்னிங்ஸில் ஒரே ஓட்டம் கூடுதல். அரையிறுதியில் குஜராத்தைவிட இரண்டு ஓட்டம். அந்தக் கடைசி விக்கெட்டும், அடித்த பந்து அருகில் நின்ற கேரள வீரரின் தலைக்கவசத்தில் பட்டு எகிறிப் பிறர் கையில் விழுந்ததால் வந்தது. இறுதியில் விதர்பாவுக்கு எதிராக ஆட்டம் சமனில் முடிய, முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் கோப்பை விதர்பாவுக்குப் போயிற்று. முழு லீக்காக இருந்திருந்தால் இந்தத் தலைக்கவசத்துக்கு வரலாற்றில் இடமேது? எளியவனுக்கு ஒரு நாள் உண்டு என்ற நம்பிக்கையைத் தும்பைதான் காக்கிறது. வாகையை மட்டும் வைத்தால் பம்பாய் இன்னும் 15 ஆண்டுகள் வென்றிருக்கும்.

இரண்டையும் காக்க ஒரு வழியை இந்தியக் கால்பந்து கண்டுபிடித்தது. ஐ.எஸ்.எல். போட்டியில் 2017-18இல் பெங்களூரு லீகில் முதலிடம் பெற்றது. இறுதியில் இரண்டாமிடத்துச் சென்னையின் எஃப்.சி. பெங்களூரிலேயே 3-2 என்று அதைச் சாய்த்துக் கோப்பையை எடுத்துச் சென்றது. 2019-20 முதல் லீகில் முதலிடம் பெறும் அணிக்குத் தனியே ஒரு கேடயம் என்று அறிவித்தார்கள். கோப்பை வேறு, கேடயம் வேறு. ஆசியப் போட்டிக்குச் செல்லும் தகுதி கேடயத்துக்கு. அந்த முதலாண்டே கோவா கேடயத்தைப் பெற்றது. அரையிறுதியில் நான்காமிடத்துச் சென்னையினிடம் இரு ஆட்டங்களின் கூட்டுக்கணக்கில் 6-5 என்று தோற்றது. ஆயினும் ஆசியப் போட்டியின் குழுச் சுற்றில் 2021இல் ஆடிய முதல் இந்திய அணி கோவாதான். இறுதியில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கோப்பையைப் பெற்றது. இருவரும் தத்தமக்குரியதை எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாடு பிரீமியர் லீகில் எட்டு அணிகள், ஆளுக்கு ஏழு ஆட்டங்கள், எல்லாரும் எல்லாரோடும் ஆடிவிடுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வாய்க்காத பேறு இது. இங்கே ஒரு கேடயத்துக்கு ஆகும் செலவு ஓர் ஆட்டத்தின் வாணவேடிக்கைச் செலவுக்குள் அடங்கும். அதைப் பட்டியல் முடிந்த அன்றே, இறுதியாட்டத்துக்கு முன்பே, கையில் கொடுத்துவிட வேண்டும். பிறகு கொடுத்தால் ஆறுதல் பரிசாகிவிடும்.